நாலாம் நம்பர் டிரைவ் எது?

கேசட் காலம் மலையேறிவிட்டது என்று நினைப்பவர்கள் ஒரு பெரிய டேட்டா சென்டருக்குள் நுழைந்தால் அசந்துபோவார்கள். அங்கே இன்னமும் டேப் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எல்டிஓ என்று பெயர். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். உள்ளே சுருண்டிருக்கும் நாடாவின் நீளம் 1,035 மீட்டர்!

எதற்கு இந்தப் பழைய சமாச்சாரம்? 2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயிலைத் திறந்த சிலருக்கு இன்பாக்ஸ் காலியாக இருந்தது. கூகுள் செய்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டில் கோளாறு. பல டேட்டா சென்டர்களில் பிரதிகள் இருந்தும் பலனில்லை. பாதிக்கப்பட்டவர்கள் வெறும் 0.02 சதவீதம்தான். ஆனால், காலி இன்பாக்ஸைப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு என்ன ஆறுதல் தரும்? கடைசியில் மெயில்களை மீட்டுக்கொடுத்தது டேப்தான். எந்த கம்ப்யூட்டரோடும் இணையாமல் தனியே கிடந்ததால், அந்தக் கோளாறு அதைத் தொடவில்லை.

இத்தனை டேப்களையும் கட்டி மேய்ப்பதற்கு 'டேப் லைப்ரரி' இருக்கிறது. பீரோ மாதிரி ஒரு பெட்டி. அடுக்கடுக்காக டேப்கள், அவற்றில் பார்கோடு, எடுத்துக்கொடுக்க ஒரு ரோபோ கை, எழுதவும் படிக்கவும் டிரைவ்கள். தகவல் பெருகும்போது, இரண்டு டிரைவ் இருந்த பெட்டியில் இன்னும் இரண்டைச் சேர்ப்பார்கள். அன்றைக்கு பேக்கப் இன்ஜினீயர் வீட்டுக்குப் போகும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. "சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா மூன்று முறை போன் செய்திருப்பார்.

டிரைவை மாட்டியாயிற்று. பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால், பேக்கப் ஓடவில்லை. 'டிரைவில் டேப் இல்லை' என்கிறது சாஃப்ட்வேர். கண்ணாடி வழியே பார்த்தால், ரோபோ டேப்பைக் கொண்டுபோய் வைத்தது தெரிகிறது. பிறகென்ன?

இருவர் கணக்கும் வேறு வேறு. டிரைவ் பெட்டிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து ரோபோ நம்பர் போடுகிறது. சர்வரோ, தன் கண்ணில் முதலில் பட்ட டிரைவுக்கு முதல் நம்பரைக் கொடுக்கிறது. ரோபோ நாலாம் டிரைவில் டேப்பை வைத்துவிட்டுப் போக, சாஃப்ட்வேர் வேறொரு டிரைவின் வாசலில் காத்துக்கிடக்கிறது. கொரியர்காரர் ஒரு வீட்டில் பார்சலைக் கொடுக்க, நீங்கள் அடுத்த வீட்டு வாசலில் நிற்கிற கதைதான். இது புரியாமல் நல்ல டிரைவைக் கழற்றித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. மாற்று டிரைவ் வரும், பிரச்னையும் கூடவே வரும்.

அனுபவசாலி நம்பரை நம்ப மாட்டார், சீரியல் நம்பரைத்தான் கேட்பார். எந்த இடத்தில் எந்த சீரியல் என்று லைப்ரரி சொல்லும். எந்தப் பெயருக்கு எந்த சீரியல் என்று சர்வர் சொல்லும். ஒரு தாளில் இரண்டையும் எழுதிக் கோடு போட்டு இணைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ரீபூட் செய்தால் பெயர்கள் மறுபடி மாறலாம் என்பதால், சீரியலை வைத்தே டிரைவை அடையாளம் காணும்படி அமைத்துவிடுவார். சர்வர் கண்ணுக்கு டிரைவே தெரியவில்லை என்றால் அது வேறு கதை. கேபிளையும் அனுமதிகளையும் பார்க்க வேண்டியதுதான்.

பொறுமையைச் சோதிக்கும் இன்னொரு விஷயம். புத்தம் புது எல்டிஓ-9 டேப்பை முதன்முறை போட்டால், தன்னைத் தயார்செய்துகொள்ள சராசரியாக 40 நிமிடங்கள் எடுக்கும். 2 மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் நிறுத்தக் கூடாது. டிரைவ் தொங்கிவிட்டது என்று பதறி பவரை அணைப்பவர்களை என்னவென்று சொல்வது!

எல்டிஓ-9 டிரைவ் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை டேப்களை மட்டுமே படிக்கும். ஏழை நீட்டினால் ஏற்காது. புதுசு வந்துவிட்டதே என்று பழைய டிரைவைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால், பழைய டேப்பில் இருக்கும் ஸ்கேன் படங்களும் பென்ஷன் கணக்கும் பீரோவிலேயே இருந்தும் கைக்கு எட்டாது.

எல்லாம் சரியான பிறகும் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு புது டிரைவிலும் ஒரு டேப்பில் எழுதி, அதை வேறொரு டிரைவில் போட்டு, ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் மேனேஜர் எட்டிப்பார்த்து, "அதான் பச்சை லைட் எரியுதே, கிளம்பலாமே!" என்பார். இன்ஜினீயர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த டேப்பைக் கையில் எடுப்பார்.