அம்மம்மாவின்ர குரலும் ஒரு பழைய டிஸ்க்கும்

எங்கட வீட்டு லப்டொப்பைப் போட்டுவிட்டு, குசினிக்குப் போய் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்தாலும் விண்டோஸ் திறந்திருக்காது. உள்ளே இருந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், எட்டு வருசப் பழசு. "அதைக் கழட்டிப்போட்டு எஸ்.எஸ்.டி போடுங்கோ, பறக்கும்" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அக்காவும் தம்பியுமாக நாங்கள் இரண்டு பேரும் காசு சேர்த்து ஒன்று வாங்கினோம். அரை நாள் வேலை என்று நினைத்தோம். ஒரு கிழமை எடுத்தது.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு மாற்றுகிற குளோன் மென்பொருளை ஓடவிட்டால், கால்வாசியில் நின்றுவிட்டது. வாசிக்க முடியவில்லையாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். நீலமாக இருக்கவேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்ர சுகநலத்தைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அந்தக் குறிப்பில், வாசிக்க ஏலாமல் கிடக்கும் செக்டர்களின் எண்ணிக்கை பூச்சியமாக இருக்கவேணும். எங்கட டிஸ்க்கில் அப்படி இல்லை.

அப்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்தோம். படங்கள், பாட்டுகள், நோட்ஸ் எல்லாம் திரும்ப எடுக்கலாம். ஆனால் அம்மம்மாவின் குரல்? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் கடந்து, சாவகச்சேரி வரைக்கும் சனத்தோட சனமாக நடந்த கதையை அவ ஒரு மத்தியானம் விறாந்தையில் இருந்து சொன்னா. 40 நிமிசம். போனில் பதிந்து லப்டொப்பில் போட்டோம். பிறகு அந்தப் போன் உடைந்தது. அதற்குப் பிறகு அம்மம்மாவும் இல்லை. அந்தப் பதிவு இருந்தது இந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான்.

பதட்டத்தில் பிழையான வேலையும் பார்த்தோம். யாரோ சொன்னதைக் கேட்டு செக்டிஸ்க்கை ஓடவிட்டோம். அது ஃபைல்களின் ஒழுங்கைச் சரிப்படுத்துவதற்கு உரியது. ஏற்கெனவே சாகப்போகிற டிஸ்க்கை அது மூலை முடுக்கெல்லாம் வாசிக்கவைக்கும், அதிலேயே திருப்பி எழுதவும் செய்யும். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து 'டிக், டிக்' என்று சத்தம். "நிப்பாட்டடா!" உடனே நிப்பாட்டினோம். சாகிற டிஸ்க்கில் பழுது பார்க்கக்கூடாது, முதலில் உள்ளே இருப்பதை வெளியில் எடுக்கவேணும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

நல்ல காலம், டிஸ்க் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. சிநேகிதப்பிள்ளை ஒருத்தியிட்ட 1 டிபி வெளி டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, பென்ட்ரைவில் இருந்து லினக்ஸை ஓடவிட்டு, டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளைப் பிடித்தோம். அதின்ர புத்தி என்னவென்றால், சுகமாக வாசிக்கக்கூடிய இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கிற இடங்களுக்குக் கடைசியாகத்தான் திரும்பி வரும். எங்கே நின்றது என்பதையும் ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். இரண்டாம் நாள் கரண்ட் போனது. லப்டொப் பற்றரி எப்பவோ செத்ததுதான். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே அது தொடர்ந்தது.

டிஸ்க் தெரியாமலே சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் இதையும் செய்யக்கூடாது. நிப்பாட்டிவிட்டு, டேட்டா மீட்கத் தெரிந்தவர்களிடம் கொடுக்கவேணும். வீட்டில் திறந்து பார்த்தால் ஒரு தூசியே தட்டைக் கீறக் காணும்.

நாலாம் நாள் பதிவைப் போட்டுக் கேட்டோம். நாவற்குழிக்குக் கிட்ட ஓரிடத்தில் குரல் ஒருக்கா அறுபடுகிறது. மற்றதெல்லாம் இருக்கிறது. அம்மா கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. பின்னேரம்தான் கேட்டா, "காணி உறுதி எழுதேக்க மூண்டு பிரதி எழுதுறவை. ஒண்டு எங்களிட்ட, ஒண்டு நொத்தாரிசிட்ட, ஒண்டு காணிப் பதிவகத்தில. இதை ஏன் ஒண்டா வச்சிருந்தனீங்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. கொம்பியூட்டர்காரர் '3-2-1' என்று சொல்வதும் கிட்டத்தட்ட அம்மா சொன்னதுதான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில்.

புதிய எஸ்.எஸ்.டியில் விண்டோஸை முதலிலிருந்தே போட்டோம். லப்டொப் இப்ப பறக்குதுதான். ஆனால் எஸ்.எஸ்.டியும் சாகும், அதுவும் பெரும்பாலும் சத்தம் போடாமலே. அதில் தவறி அழித்ததை மீட்பதும் கஷ்டம், அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு வெளி டிஸ்க்கைச் செருகி, கொப்பி பண்ணி, திரும்பக் கழட்டி அலுமாரியில் வைக்கிறோம். எப்போதும் செருகியே இருந்தால் இடியோ வைரஸோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். முக்கியமானவை கூகிள் ட்ரைவின் இலவச 15 ஜிபிக்குள்ளும் இருக்கின்றன. ஆனால் கொம்பியூட்டரோடு சேர்ந்து தானாக மாறுகிற ஃபோல்டரைப் பக்கப் என்று நம்பக்கூடாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்த படமும் அசல் இல்லை, சுருக்கியதுதான் மிஞ்சும். கொப்பி பண்ணின பிறகு ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்ப்போம். திறக்காத பக்கப் பக்கப்பே இல்லை.

அம்மம்மாவின் பதிவு இப்போது வவுனியாவில் மாமா வீட்டிலும் இருக்கிறது. உங்கட வீட்டிலும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று இருக்கும். அது எது என்று இண்டைக்கு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. டிஸ்க் டிக் டிக் எண்ட பிறகு யோசிக்க வேண்டாம்.