எந்த மணி நேரத்தை வெட்டுவது?

ஸ்பைக் லீயின் 'மால்கம் எக்ஸ்' 202 நிமிடம் ஓடும் படம். 1992 நவம்பரில் வெளிவந்தது. பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டால் 'நல்ல படம், ஆனால் நீளம்' என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும். எதை எடுத்துவிடலாம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் வெட்டச் சொல்லும் பகுதி இன்னொருவருக்குப் படத்தின் உயிராக இருக்கும். அந்தப் பதிலில் மால்கமைவிடச் சொல்பவரைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்ள முடிகிறது.

எங்கள் ஊரின் தமிழ் வாசிப்பு வட்டத்தில் ஒரு பிப்ரவரி மாதம், மால்கம் அலெக்ஸ் ஹேலியுடன் சேர்ந்து எழுதிய தன்வரலாற்றைப் படித்தோம். பிறகு படத்தையும் பார்ப்பது என்று முடிவாயிற்று. இரண்டு சனிக்கிழமை மாலைகளாகப் பிரித்துக்கொண்டோம். பதின்ம வயதுப் பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். மூன்று மணி நேரப் படம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஆனாலும், "இதுல பாட்டு இல்லை, அதான் நீளமாத் தெரியுது" என்றார் ஒரு நண்பர். "பாட்டும் இருக்கு, டான்ஸும் இருக்கு. அதைத்தானே வெட்டச் சொல்றீங்க?" என்றார் அவர் மனைவி.

அவர் வெட்டச் சொன்னது முதல் ஒரு மணி நேரத்தை. பாஸ்டனிலும் ஹார்லெமிலும் தொளதொள சூட்டும் இறகு செருகிய தொப்பியுமாக மால்கம் திரிந்த காலம். நடனக் கூடம், சூதாட்டம், திருட்டு. "தலைவரைப் பார்க்க வந்தா ரவுடியைக் காட்றாங்க" என்பது நண்பரின் குறை. எங்கள் தலைமுறை வாழ்க்கை வரலாற்றுப் படம் என்று அறிந்தது அட்டன்பரோவின் 'காந்தி'யை. 1982இல் வந்த 191 நிமிடப் படம். அது கொலையிலும் இறுதி ஊர்வலத்திலும் தொடங்கிப் பிறகுதான் தென்னாப்பிரிக்க ரயிலுக்குப் போகிறது. மகாத்மா ஆனபின்னரே அந்த மனிதரை நமக்கு அறிமுகம் செய்கிறது. ஸ்பைக் லீ முடிதிருத்தகத்தில் தொடங்குகிறார். காரம் கலந்த களிம்பைத் தலையில் தடவிச் சுருட்டை முடியை நேராக்கிக்கொள்கிறான் ஓர் இளைஞன். எரிச்சல் தாங்காமல் துடிக்கிறான். கழுவியதும் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறான். வெள்ளைக்காரன் முடி போலவே இருக்கிறதாம்.

பின்னால் ஒலிக்கப்போகும் மேடைப் பேச்சுகளின் வேர் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. தன் தோலையும் மூக்கையும் முடியையும் வெறுக்கும்படி ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று மால்கம் மேடையில் கேட்டபோது, அதை அவர் தன் மண்டைத் தோலிலிருந்து கேட்டார். முதல் மணி நேரத்தை வெட்டினால் அந்தக் கேள்வி வெறும் முழக்கம் ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தின் நடுநடுவே நினைவாக வரும் குழந்தைப் பருவமும், 1931இல் டிராம் தண்டவாளத்தில் செத்துக் கிடந்த தகப்பனும், மனநல விடுதிக்கு அனுப்பப்பட்ட தாயும் கூடவே போய்விடுவார்கள்.

தமிழர்களுக்கு அந்த முடிதிருத்தகக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. வெளுத்த நிறத்தை 'சிவப்பு' என்று சொல்லும் மொழி நம்முடையது. பெண் பார்த்துவிட்டு வந்து 'நல்ல செவப்பு' என்பதில் தொடங்கி, சிவப்பழகுக் களிம்பு விளம்பரம் வரை அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். சிறையில் மால்கம் அகராதியைத் திறந்து கறுப்பு, வெள்ளை இரண்டுக்கும் போட்டிருக்கும் பொருளைப் படிக்கும் காட்சி வந்தபோது எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. அதில் கறுப்பு, சிவப்பு இரண்டுமே சினத்தைக் குறிக்கும் உரிச்சொற்கள். அங்கே உயர்வு தாழ்வு இல்லை. இடையில் எப்போது வந்து சேர்ந்தது என்று நம் அகராதியையும் யாராவது திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது கருத்து இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்து வந்தது. "மெக்கா போனதும் மனுஷன் திருந்திட்டார். அந்தப் பகுதிதான் படம். நடுவுல இருக்கிற வெறுப்புப் பேச்சையெல்லாம் குறைச்சிருக்கலாம்" என்றார் இன்னொருவர். இது எங்கள் வட்டத்தின் கருத்து மட்டும் அல்ல. கோபக்காரர் ஒருவர் புனிதப் பயணத்தால் சாந்தமானார் என்ற கதை பலருக்கும் வசதியாக இருக்கிறது. மெக்காவில் எல்லா நிறத்தவரோடும் ஒரே பாத்திரத்தில் உண்ட அனுபவம் மால்கமை உலுக்கியது உண்மை. வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே தீயவர் என்ற போதனையை அவர் கைவிட்டார். ஆனால் அமெரிக்கா மீதான குற்றச்சாட்டை அவர் கைவிடவில்லை. அதே 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டுக்குப் போய், அமெரிக்கக் கறுப்பர்களின் நிலையை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுபோகும்படி ஆப்பிரிக்க நாடுகளைக் கேட்டுக்கொண்டார். மெக்காவுக்கும் பிரமிடுகளுக்கும் இடம் கொடுத்த படம் இந்த முயற்சியைக் காட்சியாக்கவில்லை. 'திருந்தினார்' என்ற வாசிப்புக்குப் படமே கொஞ்சம் இடம் தந்துவிடுகிறது என்பது என் குறை. இந்த இடத்தில் 202 நிமிடமும் போதவில்லை.

என் அலுவலகத்தில் இருக்கும் மூத்த தோழி ஒருவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். இந்தப் படத்தை 1992இல் தன் தாயோடு திரையரங்கில் பார்த்தவர். நீளம் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "எங்கம்மா அதுக்காக இருபத்தேழு வருஷம் காத்திருந்தாங்க, மூணு மணி நேரம் ஒரு கணக்கா?" என்றார். அந்தப் படம் முடிந்த விதமும் அவருக்கு முக்கியம். செலவு கைமீறி, முதலீட்டுக்கு உத்தரவாதம் கொடுத்த நிறுவனம் பணத்தை நிறுத்தியபோது, ஓப்ரா வின்ஃப்ரே, மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், பிரின்ஸ், ஜேனட் ஜாக்சன் போன்றவர்கள் திருப்பிக் கேட்காத பணமாகக் கொடுத்து உதவினார்கள். இயக்குநர் தன் ஊதியத்தில் பெரும் பகுதியைப் போட்டார். படத்தைச் சுருக்காமல் காப்பாற்றியது அந்தப் பணம்.

அவர் மனக்குறை வேறு. "எல்லா எங்கே?" என்றார். மால்கமின் தகப்பனுக்கு முதல் தாரத்தில் பிறந்த அக்கா எல்லா காலின்ஸ். பதின்ம வயதில் அவரைப் பாஸ்டனுக்கு அழைத்துக்கொண்டவர், மெக்கா பயணத்துக்குப் பணம் கொடுத்தவர். படத்தில் அவர் இல்லை. சிறையில் இருந்த மால்கமுக்குக் கடிதம் எழுதி இஸ்லாமிய தேசம் அமைப்பை அறிமுகம் செய்தது உடன்பிறந்தவர்கள். படத்தில் அந்த வேலையைக் கற்பனையான ஒரு சிறைத் தோழர் செய்கிறார். பெல் ஹூக்ஸ் போன்றவர்கள் அப்போதே இந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். குடும்பம் கைகொடுத்துத் தூக்கிய ஒருவரைத் தனியாக எழுந்தவர் போலக் காட்டிவிட்டார்கள் என்பது என் தோழியின் வருத்தம். படிக்க அனுப்புவதற்கு அக்காவின் நகை அடகுக்குப் போன வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

பெயரில் எதற்கு எக்ஸ் என்று பிள்ளைகளில் ஒருவன் கேட்டான். 'லிட்டில்' என்பது அடிமையாக வாங்கியவன் கொடுத்த பெயர், ஆப்பிரிக்காவில் இருந்த பெயர் தெரியாததால் அந்த இடத்தில் எக்ஸ் என்று அவன் தாயே விளக்கினார். பெயரிலிருந்து ஒன்றைக் கழற்றி எறிவது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த செயல். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. அதன் பலனாகத்தான் இங்கே வந்து 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதிவிட்டு விழிக்கிறோம். ஆனால் கழற்றியதன் பொருள் எல்லாருக்கும் ஒன்றல்ல. மால்கம் எறிந்தது உடைமையாளனின் முத்திரையை. பட்டம் வைத்திருந்தவர்கள் விட்டது தங்கள் உயரத்தை. உயரத்தைப் பெயரில் விட்டுவிட்டு வரன் பார்க்கும் நேரத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறது.

எங்களை அதிக நேரம் பேச வைத்தது ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு காட்சி. பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் மால்கமை ஒரு வெள்ளைக்கார மாணவி நிறுத்துகிறாள். உங்கள் போராட்டத்துக்கு நான் என்ன செய்யலாம் என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். அந்த இடத்தில் சிலர் கைதட்டினார்கள். என் மகளுக்குப் பொறுக்கவில்லை. "அவ கேட்டதுல என்னப்பா தப்பு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சீன்ல நாம யாரு?" என்றாள்.

அந்தப் பதிலுக்காக மால்கம் பின்னாளில் வருந்தினார் என்பது தன்வரலாற்றில் இருக்கிறது, படத்தில் இல்லை. உண்மையான அக்கறை உள்ள வெள்ளையர் என்ன செய்யலாம் என்பதற்கும் அங்கே பதில் இருக்கிறது. எங்களிடம் வந்து நிற்க வேண்டாம், உங்கள் ஆட்களிடம் போய் வேலை செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

மகளின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். 1965க்கு முன் இந்தியர்களுக்கு இந்த நாடு ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு 100. பிறந்த நாட்டை வைத்து ஆளை எடைபோட்ட அந்த ஒதுக்கீட்டை நீக்கிய சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபர் 3இல். மால்கம் சுடப்பட்டு ஏழு மாதங்கள் கழித்து. குடிமை உரிமைச் சட்டம், வாக்குரிமைச் சட்டம் இரண்டையும் கொண்டுவந்த அதே காற்றில்தான் நமக்கான கதவும் திறந்தது. நம் கையில் இருக்கும் கிரீன் கார்டுக்குப் பின்னால் கறுப்பர்களின் போராட்டம் இருக்கிறது. அந்த மாணவியைப் போல வெளியே நின்று உதவட்டுமா என்று கேட்கும் நிலையில் நாம் இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

கொடுக்கும் இடம் எது என்பதற்கு அந்தத் தன்வரலாற்றுப் பதில் நமக்கும் பொருந்தும். நம் ஆட்கள், நம் வீட்டுக்கூடம். வீடு வாங்கும்போது 'ஸ்கூல் ரேட்டிங்' என்ற சொல்லுக்குள் எதை மறைக்கிறோம், 'அந்த ஏரியா வேண்டாம்' என்று எதைப் பார்த்துச் சொல்கிறோம், மகளின் நண்பன் கறுப்பன் என்றால் சாப்பாட்டு மேசையில் என்ன நடக்கும், இவையெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சாதியும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் சனிக்கிழமை முடிவில், அடுத்து ஜப்பார் படேலின் 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' பார்க்கலாம் என்று சொன்னேன். மம்மூட்டி நடித்தது, ஆங்கிலத்தில் 2000இல் வந்தது, தமிழில் திரைக்கு வர மேலும் பத்தாண்டுகள் ஆன படம். மால்கமுக்குக் கைதட்டிய அறை சற்று நேரம் பேசாமல் இருந்தது. "அதுவும் மூணு மணி நேரமாமே?" என்றார் ஒருவர்.

மார்ச் மாதத்துக்குத் தேதி குறித்திருக்கிறோம். ஒரே மாலையில், இடைவேளையோடு.