உப்புக்குச் சப்பாணி

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். பெரிய பையன்கள் ஆடும் இடத்தில் யாரோ ஒருவனின் தம்பிப் பயல் வந்து நிற்பான். சேர்க்காவிட்டால் வீட்டில் போய்ப் போட்டுக்கொடுப்பான். சேர்த்தால் டீம் காலி. அதனால் அவனை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். (ஒப்புக்குச் சப்பாணி என்பதுதான் சரி என்று எங்கள் தமிழய்யா சண்டைக்கு வருவார். எங்கள் தெருவில் உப்புதான்.) அவன் அவுட்டானால் அவுட் கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் ஃபீல்டிங் செய்வான். கேட்ச் விட்டால் யாரும் திட்டமாட்டார்கள், ஏனென்றால் அவன் கணக்கிலேயே இல்லை. சாக்கடையில் விழுந்த பந்தை எடுக்கும் உத்தியோகம் மட்டும் நிரந்தரம். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அவன்தான் ஓப்பனிங் இறங்கிக்கொண்டிருப்பான்.

நானும் அப்படி வந்தவன்தான். அதனால்தானோ என்னவோ, 2020 லாக்டவுனில் டோட்டா 2 ஆட ஆரம்பித்தபோது, எங்கேயாவது ஓரமாக நின்று கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன்.

டோட்டா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு பக்கம் 5 பேர், எதிர்ப்பக்கம் 5 பேர். நூற்றுச் சொச்சம் ஹீரோக்களில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எதிராளியின் கோட்டைக்குள் புகுந்து நடுவில் இருப்பதை உடைத்தால் ஜெயிப்பு. ஒரு ஆட்டம் சாதாரணமாக அரைமணியிலிருந்து முக்கால்மணி வரை ஓடும். 2003-ல் வார்கிராஃப்ட் 3 என்ற விளையாட்டுக்கு ரசிகர்களே செய்த ஒரு மேப்பிலிருந்து முளைத்தது இது. வால்வ் நிறுவனம் அதைத் தனி விளையாட்டாக்கி 2013-ல் முறைப்படி வெளியிட்டது.

முதல் ஆட்டத்தில் ஸ்னைப்பரை எடுத்தேன். தூரத்தில் நின்று சுடலாமே, பயந்த சுபாவத்துக்கு ஏற்ற ஆள் என்று. மூன்றாவது நிமிஷம் செத்தேன். ஐந்தாவது நிமிஷம் மறுபடி. நாலாவது தடவை செத்தபோது மைக்கில் ஒருவன் இந்தியில் ஆரம்பித்தான். இன்னொருவன் ஆங்கிலத்தில் சேர்ந்துகொண்டான். மூன்றாமவன் என் பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழாடா நீ?" என்றான். அப்பாடா, நம்ம ஊர்க்காரன் என்று நிம்மதியாக "ஆமாண்ணா" என்றேன். அதன்பிறகு அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. என் பாட்டியெல்லாம் உள்ளே வந்துவிட்டார். மற்ற இரண்டு பேர் திட்டியது பாதிதான் புரிந்தது. இவன் திட்டியது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது, அதுதான் கொடுமை.

அன்றைக்கு ராத்திரி முழுக்க, இவ்வளவு கெட்டவர்களா உலகத்தில் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இடையில் ஆயிரத்து எண்ணூறு மணி நேரம் ஆடிவிட்டேன் (அப்பா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). திட்டியவர்களை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும்.

டோட்டாவில் நான் செத்தால் என் பொன்னில் கொஞ்சம் போய்விடும். போகட்டும், என் பொன். ஆனால் என்னைக் கொன்றவனுக்குப் பொன்னும் அனுபவப் புள்ளியும் சேர்கிறது. அந்தப் பொன்னில் அவன் நல்ல ஆயுதம் வாங்குகிறான். அந்த ஆயுதத்தோடு அடுத்த வீதிக்குப் போய், ஒரு தப்பும் செய்யாத என் கூட்டாளியைக் கொல்கிறான். நான் நாலு தடவை செத்தால் எதிராளி நாலு மடங்கு பூதமாக வந்து நிற்கிறான். கத்துக்குட்டி ஆடுவதற்குப் பதில் கோட்டைக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் டீமுக்கு நல்லது என்ற நிலைமைகூட வந்துவிடும். இதற்குப் பெயரே ‘ஃபீடர்’, அதாவது எதிரிக்குச் சோறு ஊட்டுபவன்.

சரி, தோற்றுவிட்டோம், அடுத்த ஆட்டம் போகலாம் என்றால் அதுவும் முடியாது. முன்பின் தெரியாத 5 பேர் சேர்ந்து ஆடும் சாதாரண ஆட்டத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துக் கிளம்பும் வசதி கிடையாது. பாதியில் ஓடினால் தண்டனை உண்டு. ஓடுகாலிகளோடு மட்டுமே ஆட வேண்டிய தனி வரிசையில் தள்ளிவிடுவார்கள். ஆக, நான் கற்றுக்கொள்ளும் பாடத்துக்கு நாலு அந்நியர்கள் ஃபீஸ் கட்ட வேண்டும், வகுப்பு முடியும்வரை வெளியேயும் போகக்கூடாது. மனிதர்கள் வேறு எப்படி நடந்துகொள்வார்கள்?

இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கணக்கு பிடிபட்டது. ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் ஈவ் ஆன்லைன் ஆடுவார். ஐஸ்லாந்துக்காரர்கள் செய்த விண்வெளி விளையாட்டு, 2003-லிருந்து ஓடுகிறது. விதிகளைக் கேட்டால் தலை சுற்றும். கப்பல் உடைந்தால் உடைந்ததுதான், திரும்ப வராது. ஏமாற்றிப் பணம் பிடுங்குவதும் பெரும்பாலும் ஆட்டத்துக்குள் அடக்கம். ‘உன் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்று சந்தையில் கூவிக்கொண்டே இருப்பார்கள். பாதுகாப்பான பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே காங்கார்ட் என்ற போலீஸ் இருக்கிறது. ஆனால் அது நம் சினிமா போலீஸ் மாதிரி. உன்னை அடித்து முடித்த பிறகு வந்து அடித்தவனை நொறுக்கும். உன் கப்பல் போனது போனதுதான்.

நானும் சில மாதம் ஆடினேன். ஒரு குட்டிக் கப்பலில் ஒரு வாரம் சுரங்க வேலை பார்த்துச் சேர்த்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டு, குறுக்கு வழி என்று நினைத்து ஆபத்தான பகுதிக்குள் போய்விட்டேன். பத்து விநாடி. எல்லாம் போச்சு. திட்டு வரும் என்று காத்திருந்தால், சுட்டவனிடமிருந்து கடிதம் வந்தது. எந்த வழியில் வந்திருக்க வேண்டும், கப்பலில் எதை மாட்டியிருக்க வேண்டும் என்று பொறுமையாக எழுதி, புதுக் கப்பல் வாங்கக் காசும் வைத்திருந்தான். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கொள்ளையடித்துவிட்டு டியூஷன் எடுக்கிறானே!

எல்லோரும் இப்படி என்று சொல்லமாட்டேன். புதியவர்களை மொட்டையடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கூட்டமும் அங்கே உண்டு. தொடக்க நிலையினருக்கான சில நட்சத்திர மண்டலங்களில் அவர்களைச் சீண்டக்கூடாது என்று நிறுவனமே விதி போட வேண்டியிருந்தது. ஆனாலும் புதியவர்களுக்குப் பாடம் நடத்துவதற்கென்றே ஆட்டக்காரர்கள் சேர்ந்து 2004-ல் ஈவ் யூனிவர்சிட்டி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இன்னும் நடக்கிறது. வேறு சில பெரிய கூட்டணிகள் புதிதாக வருபவனுக்கு இலவசமாகக் கப்பல் கொடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன.

தர்மசிந்தனை என்று நினைக்காதீர்கள். அங்கே நான் செய்யும் தப்புக்குப் பெரும்பாலும் நான்தான் காசு கொடுக்கிறேன். அதோடு, சண்டையில் கத்துக்குட்டிக்கு முதல் நாளே ஒரு வேலை இருக்கிறது. சல்லிக்காசு பெறாத சின்னக் கப்பலில் போய், தப்பி ஓடப் பார்க்கும் பெரிய கப்பலின் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் வந்து அடிப்பார்கள். பிடித்தவன் செத்தாலும் பெரிய நஷ்டமில்லை. 2014 ஜனவரியில் ஈவில் ஒரு பெரிய போர் நடந்து, டைட்டன் என்ற ராட்சசக் கப்பல்கள் மட்டும் 75 அழிந்தன. அவ்வளவு பெரிய கப்பல்கள் இருக்கும் உலகத்தில் முந்தாநாள் சேர்ந்த பயலுக்கும் இடமிருக்கிறது. சாக்கடையில் பந்து எடுக்கும் உத்தியோகம் மாதிரி!

இந்தத் தலைவலி டோட்டாவுக்கு முன்பே உண்டு. 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஊரைத் தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம், கொன்று உருவிக்கொள்ளலாம். புதியவர்கள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். கடைசியில் 2000-ல் உலகத்தையே இரண்டு நகல் எடுத்தார்கள், ஒன்றில் பழைய அராஜகம், மற்றதில் இஷ்டத்துக்குக் கொல்ல முடியாது. ஜனம் பெரும்பாலும் அந்த இரண்டாவதற்கே குடிபோனது. பழைய ஆட்களில் சிலர், ஆட்டத்தின் உயிரே போய்விட்டது என்று இன்றுவரை ஒப்பாரி வைக்கிறார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பேன். ஆபத்தில்லாத காட்டில் என்ன சுவாரசியம்? ஆனால் அந்த ஆபத்தை ஏன் எப்போதும் புதிதாக வந்தவன் தலையிலேயே கட்டுகிறார்கள் என்பதற்கு அவர்களிடம் பதில் கிடையாது.

டோட்டாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தரவரிசை ஆட்டத்துக்கு 2017-ல் போன் நம்பர் கட்டாயமாக்கினார்கள். 2021-ல் புதியவர்களுக்குத் தனி ஆட்டமுறை வந்தது. அதில் பாதியில் போனால் தண்டனை இல்லை, கம்ப்யூட்டரே அவர் இடத்தில் ஆடும். 2023-ல் 90,000 ‘ஸ்மர்ஃப்’ கணக்குகளைத் தூக்கினார்கள். ஸ்மர்ஃப் என்பவன் புதுக்கணக்கு தொடங்கி, ஒன்றும் தெரியாத புள்ளைப்பூச்சி மாதிரி கத்துக்குட்டிகள் நடுவில் வந்து வெளுத்துவாங்கும் பழைய கில்லாடி. காலேஜ் பையன் அஞ்சாம் வகுப்பு டீமில் இறங்கி சிக்ஸர் அடிக்கிற மாதிரி. என்ன சந்தோஷமோ.

புதியவர்களுக்கான அந்தத் தனி ஆட்டமுறை இருப்பது எனக்கு நன்றாகவே தெரியும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போன மே லீவில் சித்தி பையன் வந்திருந்தான். ஒன்பதாவது படிக்கிறான். "அண்ணா, எனக்கும் கத்துக்குடுங்கண்ணா" என்று இரண்டு நாள் பின்னாலேயே சுற்றினான். முதலில் கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடிப் பழக வேண்டும், அப்புறம் புதியவர்கள் ஆட்டம். அப்படித்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் அதெல்லாம் எனக்கு போர். அதனால் பழைய டெஸ்க்டாப்பில் அவனை உட்காரவைத்து, லேப்டாப்பில் நான் உட்கார்ந்து, நேராக என் ஆட்டத்துக்கே இழுத்துக்கொண்டு போனேன்.

புட்ஜ் என்ற குண்டனை எடுத்தான். கொக்கி வீசி ஆளை இழுக்கலாம் என்றதும் அவனுக்கு ஒரே குஷி. எதிரிகளிடம் தப்பி ஓடிவந்துகொண்டிருந்த எங்கள் ஆளையே கொக்கி போட்டு, மறுபடி எதிரிகள் நடுவில் இழுத்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தான். நானும் முதலில் சிரித்தேன். 10 தடவை செத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற மூன்று பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாரம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன், வரிசையாக ஆறு ஜெயித்திருந்தேன். யாரோ ஒருவன் ‘இந்தப் புட்ஜை ரிப்போர்ட் பண்ணுங்கள்’ என்று டைப் அடித்தான்.

நானும் அடித்தேன். ‘பண்ணிட்டேன். சரியான ஃபீடர்.’

பக்கத்து நாற்காலியில் இருப்பவனுக்கும் அதே எழுத்து அதே விநாடியில் தெரியும் என்பது அடித்த பிறகுதான் உறைத்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் முடியும்வரை கோட்டைக்குள்ளேயே புட்ஜை நிறுத்தி வைத்திருந்தான். 19 சாவு. முடிந்ததும், "நான் போய் கேரம் ஆடுறேண்ணா" என்று எழுந்து போனான். அவனைத் திட்டிய மூன்று பேருக்காவது அவன் யாரென்று தெரியாது.

காலாண்டு லீவுக்கு மறுபடி வந்தான். நான் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான்.

"ஒரு கேம் ஆடுறியாடா? சும்மா, கம்ப்யூட்டர்கூட. நாம ரெண்டு பேரும் மட்டும்."

"வேணாண்ணா. நீங்க ஆடுங்க, நான் பாக்குறேன்."

பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு எனக்கும் சரியில்லை. ஏழாவது தடவை செத்து, உயிர் வரக் காத்திருந்தபோது கேட்டான்.

"உங்கள யாரும் திட்டலையாண்ணா?"

"எல்லாரையும் ம்யூட்ல வச்சிருக்கேன்டா" என்றேன்.