762-ஐ என்ன செய்வது?

நம்ம ஊர்ல பேஸ்பால் பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி. எனக்கு யூடியூப் வழியா ஒட்டிக்கிட்ட பழக்கம் அது. ஹாஸ்டல்ல கூடப் பார்க்க ஒரே ஒரு நண்பன் கிடைச்சான். எங்களுக்குள்ள சண்டையும் ஒண்ணே ஒண்ணுதான்: பேரி பாண்ட்ஸை மகத்தான வீரர்னு சொல்லலாமா, கூடாதா?

அவன் எண்களோடு வருவான். பாண்ட்ஸ் அடித்த ஹோம் ரன் மொத்தம் 762. (நம்ம சிக்ஸர் மாதிரி வேலி தாண்டி அடிப்பதுதான் ஹோம் ரன்.) 2001-இல் ஒரே சீசனில் 73. இரண்டுமே இன்னும் ரெக்கார்டு. ஏழு முறை எம்விபி விருது, அதில் மூன்று 1993-க்குள்ளேயே. 2004-இல் அவருக்குப் பந்து போடப் பயந்து, 120 முறை வேணும்னே முதல் பேஸுக்கு நடக்க விட்டாங்க. "மருந்து கையைப் பலமாக்கும் மச்சி, பந்தைப் பார்க்கிற கண்ணை எங்கேருந்து தரும்?" என்பான்.

நியாயமான கேள்விதான். பால்கோ என்ற நிறுவனம் வழியா ஸ்டீராய்டு எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தெரிந்தே எடுத்ததா பாண்ட்ஸ் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

அவனோட அடுத்த அஸ்திரம், "அப்போ எல்லாரும்தான் எடுத்தாங்க." 1998-இல் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன் அடிச்சு, 37 வருஷ ரெக்கார்டை உடைச்சப்போ நாடே கொண்டாடிச்சு. ஸ்டீராய்டு எடுத்ததை 2010-இல் அவரே ஒப்புக்கொண்டார். தடைன்னு 1991-லேயே சுற்றறிக்கை வந்திருந்தாலும், தண்டனையோடு கூடிய பரிசோதனை 2004-இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் லீகை நடத்திய கமிஷனர் பட் செலிக் 2017-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போயிட்டார். 2022-இல், எழுத்தாளர்கள் ஓட்டெடுப்பில் தன் கடைசி வாய்ப்பில், பாண்ட்ஸுக்குக் கிடைத்தது 66 சதவீதம். தேவை 75. நடத்தினவருக்கு மாலை, ஆடினவருக்கு மூடின கதவு. இந்த இடத்தில் என்கிட்ட பதில் இல்லை.

ஆனா அந்த "எல்லாரும்" என்ற சொல்லை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. அதே காலத்தில் ஆடிய கென் கிரிஃபி ஜூனியர் மேல ஸ்டீராய்டு சந்தேகமே பெரிசா எழல. காயங்களோடு போராடி 630-இல் முடித்தார். அவராவது பேர் தெரிஞ்ச ஆள். மருந்து எடுக்க மாட்டேன்னு நின்னு, டீமில் கடைசி இடத்தை இழந்து, மைனர் லீகுக்குத் திரும்பினவங்க பேர் எந்தப் பட்டியல்லயும் வராது. ரிலேட்டிவ் கிரேடிங்ல படிக்கிற நமக்கு இது புரியும். பாதி கிளாஸ் காப்பி அடிச்சா, கட்-ஆஃப் ஏறும். நேர்மையா எழுதினவன் ஒரு கிரேடு இறங்குவான். "யாருக்கு என்ன நஷ்டம்?"னு கேட்டா, பக்கத்து பெஞ்சைப் பார்க்கணும்.

பாண்ட்ஸுக்கு முன் ரெக்கார்டை வைத்திருந்தவர் ஹாங்க் ஆரன், 755. பேப் ரூத்தின் 714-ஐ அவர் நெருங்கினப்போ, கறுப்பர் என்பதற்காகவே கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. 1974-இல் அதைத் தாண்டினார். 2007 ஆகஸ்ட் 7 அன்று பாண்ட்ஸ் 756-ஐ அடித்தபோது ஆரன் அங்கே இல்லை. ஆனா அவர் முன்கூட்டியே பதிவு செய்த வாழ்த்து ஸ்டேடியத் திரையில் ஓடியது. அதில் ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

"பாத்தியா, ஆரனே ஏத்துக்கிட்டார்" என்கிறான் நண்பன். எனக்கு அப்படித் தோணல. தன் பெயர் இரண்டாம் இடத்துக்கு இறங்கும் நேரத்தில் ஒருத்தர் எப்படி நடந்துக்கணும்னு அவர் காட்டினதாத்தான் தோணுது.

762-ஐ அழிக்கச் சொல்லல. அது நடந்த விஷயம், புத்தகத்தில் இருக்கட்டும். பாண்ட்ஸும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போகட்டும், முழுக் கதையும் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். ஆனா மகத்தான வீரர் யார்னு என்னைக் கேட்டா, நான் இன்னும் 755 என்றுதான் சொல்வேன்.