ஊதா நிற உழவுநிலம்

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்தில் இறங்கிக் காட்டோரம் நடந்தோம். (இப்பகுதியார் மானாவாரி நிலத்தைக் காடு என்பர்.) மேற்கே மஞ்சட் கதிரவன். உழுத செம்மண், காலடியில் சிவப்பு, தொலைவிலோ ஊதா!

வான்கோ 1888 ஜூனில், பிரான்சின் ஆர்ல் நகரில் தீட்டிய ‘விதைப்பவன்’ நினைவுக்கு வந்தது. அதில் வானம் மஞ்சள், உழவுநிலம் ஊதா. இவை எதிர் நிறங்கள். அருகருகே நின்றால் ஒன்றையொன்று ஒளிரச் செய்யும். மஞ்சளை நெடுநேரம் நோக்கிய கண், நிழலில் ஊதாவையே காணும்.

முன்னர், மறைக்கல்வி வகுப்பில் விதைப்பவன் உவமைக்குப் படம் வரைந்த சிறுவன் ஒருவன் மண்ணுக்கு ஊதா தீட்டியிருந்தான். “மண் இப்படியா இருக்கும்?” என்று கடிந்து, வேறு தாள் கொடுத்துப் பழுப்பு தீட்டச் செய்தோம். அவன் இவ்வூர்ப் பிள்ளை.

திரும்பியதும் அந்த முதல் தாளைத் தேடினோம், கிடைக்கவில்லை.