பிந்தி வருவோர்

கல்விக்குக் கட்டடம் வேண்டுவதில்லை, கருத்திருந்தாற் போதும் என்று மேடைகளிற் பேசக் கேட்டிருக்கிறோம். அப்பேச்சில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதை 2020 ஆம் ஆண்டு நம் தோட்டங்களுக்குக் காட்டிற்று.

அவ்வாண்டு மார்ச்சு 18 ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் அடைபட்டிருந்த மாணவர்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து படிப்படியாக வீடு திரும்பினர். எங்கள் தோட்டத்திற்கும் ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாய் உதிர்ந்த பழம் பொறுக்குபவர். மகன் படிப்பதோ அணுப் பொறியியல். "அணுகுண்டு செய்யவா படிக்கிறான்?" என்று லயத்தார் என்னை வினவினர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற கிராணிக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். அவனுடைய பாடநூலின் சொற்களை என்னால் வாசிக்க முடிந்தது. பொருள் அவன் சொல்லித்தான் விளங்கிற்று. மருத்துவமனையில் புற்றுநோய்க்கு அளிக்கும் கதிர்ச் சிகிச்சையும் இக்கல்வியைச் சார்ந்ததே என்று அவர்களுக்கு எடுத்துரைத்தேன்.

பருவ இறுதி நெருங்கியது. பாங்கியில் 1982 ஆம் ஆண்டு முதல் இயங்கும் 1 மெகாவாட் ஆராய்ச்சி உலைதான் நம் நாட்டில் உள்ள ஒரே அணு உலை. அது நீர்த்தொட்டியின் அடியில் இயங்கும்போது நீலஒளி வீசும். நீருள் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சி ஓடும் மின்னணுக்கள் எழுப்பும் ஒளி அது. அதனை நேரிற் கண்டு அளவெடுக்கக் காத்திருந்தவனுக்கு, எண்கள் நிறைந்த ஒரு கோப்பு மட்டுமே கணினி வழி வந்தது. அடுப்பைக் காணாமற் சமையல் பயில்வது போன்றது அது. ஆயினும் அவன் சலித்தானில்லை.

வீட்டிலோ இணையம் எட்டவில்லை. பெரட்டுக்களத்து மேட்டில் கைப்பேசியுடன் நின்று விரிவுரை கேட்டான். மழை வந்தால் பாடமும் போயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் சபாவில் ஒரு மாணவி தேர்வுக்காக மரமேறித் தங்கிய செய்தியை நாடே பேசியது. எங்கள் மேட்டைப் பேசுவார் எவருமில்லை.

ஒரு நாள் தாய் அலுவலகத்திற்கு வந்தார். "கிராணி ஐயா, இவனுக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள். படிப்பு நின்றுவிட்டது போலிருக்கிறது" என்றார். அவர் கண்ணில் நீரில்லை. அதுவே என்னை வருத்திற்று. பெயர்ப் பதிவேட்டை நான் திறக்கவில்லை. நிர்வாகியிடம் பேசி, தேர்வு நாட்களில் அலுவலக அறையையும் இணையத்தையும் அவனுக்குத் தர இசைவு பெற்றேன்.

தேர்வுக்கு முன்னிரவு, "இவ்வளவு பெரிய நெருப்பை எப்படி அடக்குகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அண்ணே, யுரேனியம் பிளக்கும்போது பிறக்கும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 993 கண்ணிமைக்கும் முன்னே வந்துவிடும். மீதி ஆறேழு பிந்தி வரும். சில ஒரு நிமிடங்கூடத் தாமதிக்கும். அந்த ஆறேழு இல்லையென்றால் உலையை மனிதன் ஆளவே முடியாது. அவை வரும் தாமதத்திற்குள்தான் தண்டுகளை ஏற்றவும் இறக்கவும் நமக்கு நேரம் கிடைக்கிறது" என்றான்.

மறுநாள் மூன்று மணிநேரமும் இணைப்பு அறவில்லை. எழுதினான், தேறினான்.

அன்பர்களே! அவன் சொன்னதை நான் பலகால் எண்ணிப் பார்க்கிறேன். நம் பிள்ளைகளும் பிந்தி வருவோரே. பாட்டன் பால்மரம் சீவினான். தந்தை குலை வெட்டினான். மூன்றாந் தலைமுறையில் ஒருவன் பல்கலைக்கழக வாயிலை மிதிக்கிறான். பிந்தி வந்தான் என்பதற்காக அவனைக் கணக்கில் விடுவது அறிவன்று. அவனுக்கு வேண்டியது இரக்கமும் அன்று. ஒரு மேசை, ஒரு விளக்கு, அறாத ஓர் இணைய இணைப்பு. தொற்றுக்காலம் கழிந்தது, மேடுகள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்துப் பொதுமண்டபங்களில் இம்மூன்றும் உள்ள ஓர் அறை திறக்க நாம் கூடிப் பேசினால் என்ன?