மூன்று வெடிப்புகளும் ஒரு ரிட் மனுவும்

அந்தப் பெண்ணின் எம்.எஸ்சி. ப்ராஜெக்டைக் கல்லூரி நிராகரித்திருந்தது. தரவுகளை இட்டுக்கட்டினாள் என்று குற்றச்சாட்டு. ரிசல்ட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அவளுடைய அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். பசை காய்ந்து கறுத்த விரல்களால் காகிதக் கட்டை என் பக்கம் நகர்த்தி, "எம் பொண்ணு அப்படிச் செய்யமாட்டா சார்" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

ப்ராஜெக்ட், 4யூ 1636-536 என்ற இரட்டை விண்மீனைப் பற்றியது. அதில் ஒன்று நியூட்ரான் விண்மீன். சூரியனுக்குச் சற்று மேலான நிறை. குறுக்களவோ, ஆம்பூரில் கிளம்பி வாணியம்பாடியைக் கொஞ்சம் தாண்டினால் முடிந்துவிடும். துணை விண்மீனின் வாயுவை இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொண்டே இருக்கும். சேர்ந்தது அழுத்தம் தாங்காமல் அணுக்கரு இணைவில் பற்றிக்கொள்ளும்போது, எக்ஸ் கதிர் சில விநாடிகளில் எகிறி, மெல்ல அடங்கும். இதுதான் வெடிப்பு. எக்ஸ் கதிர் நம் காற்று மண்டலத்தைக் கடந்து தரைக்கு வராது. பக்கத்திலேயே காவலூர் வானாய்வகம் இருந்தும் அதன் தொலைநோக்கிக்கு இது எட்டாது. 2015 செப்டம்பரில் இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுக்கு எட்டியது. அதன் தரவுக் கிடங்கு 2018 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

அந்தத் தரவிலிருந்து அவள் வரைந்த வரைபடத்தில் சில நிமிட இடைவெளியில் மூன்று வெடிப்புகள். ஒன்றையே வெட்டி மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறாள் என்றது விசாரணைக் குழு. குழுவில் வானியல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டோம். எதிர் பிரமாணப் பத்திரத்தில் கல்லூரி புதிதாக ஒன்றைச் சேர்த்தது: இதே மூன்று வெடிப்புகள் 2019-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் உள்ளன, ஆகவே காப்பி. வெடிப்புகள் நிஜம் என்பதற்கு அதைவிட நல்ல ஒப்புதல் எனக்குக் கிடைத்திருக்காது. அந்தக் கட்டுரையை அவள் முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருந்தாள். மூலத் தரவை இறக்கி அதைச் சரிபார்ப்பதுதான் ப்ராஜெக்டே.

மூன்று வெடிப்புகளின் விநாடிவாரி எக்ஸ் கதிர் எண்ணிக்கையைப் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக அச்சடித்து நீதிபதியிடம் கொடுத்தேன். வடிவம் ஒத்திருந்தது, எண்கள் ஒத்துப்போகவில்லை. ஒட்டியிருந்தால் வரிக்கு வரி ஒரே எண் வந்திருக்கும். வரைபடத்தின் வெற்றிடங்களையும் காட்டினேன். விண்மீனைப் பூமி மறைக்கும்போதும், தென் அட்லாண்டிக்குக்கு மேலே மின்துகள்கள் அடர்ந்த பகுதியைச் செயற்கைக்கோள் கடக்கும்போதும் தரவு இருக்காது. பொய்க்கணக்கு எழுதுகிறவர் இடைவெளியை நிரப்பத்தான் பார்ப்பார்.

அறிவியலுக்குள் நீதிமன்றம் போகவில்லை, அது சரியும்கூட. பழைய உத்தரவை ரத்து செய்து, வானியல் நிபுணர் முன்னிலையில் புதிதாக விசாரிக்கச் சொன்னது.

நிபுணர் அவளைத் தன் எதிரிலேயே தரவை இறக்கி மறுபடி கணக்கிடச் சொன்னார். மூன்றும் அதே இடங்களில் வந்தன. பிறகு கேட்டார்: அடுத்த வெடிப்புக்கு வாயு சேரவே வழக்கமாக மணிக்கணக்கில் ஆகுமே, சில நிமிடத்தில் எப்படி? முதல் வெடிப்பில் எரியாமல் மிஞ்சியது கலந்து மறுபடி பற்றியிருக்கலாம், இன்னும் தீர்மானமாகவில்லை என்றாள். அந்தப் பதிலையும் எழுதித்தான் அவர் அறிக்கை கொடுத்தார். அந்த மாதமே ரிசல்ட் வந்தது.